முட்டைக்குள் ரத்தம் பிறப்பதைக் காட்ட உதவி வேண்டும்

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் டியூஷன் எடுக்கிறேன். ரத்தம் எலும்பு மஜ்ஜையில் உருவாகிறது என்று சொன்னதும் ஒரு பெண் கேட்டாள்: "எலும்பே வராத கருவுக்கு ரத்தம் எங்கிருந்து சார் வரும்?" சரியான கேள்வி.

மனிதக் கருவில் முதல் ரத்த அணுக்கள் மூன்றாவது வாரத்திலேயே, கருவோடு ஒட்டியிருக்கும் மஞ்சள்கருப் பையில் தோன்றிவிடும் (மனிதருக்கு அந்தப் பையில் மஞ்சள்கரு கிடையாது, பெயர்தான் அப்படி). ஆயுளுக்கும் ரத்தம் தரும் ஸ்டெம் செல்கள் பிறப்பது ஐந்தாவது வார வாக்கில், பெருந்தமனி என்ற பெரிய ரத்தக்குழாயின் அடிச்சுவரில். குழாயின் உள்பக்கம் ஓடு போலப் பதிந்திருந்த செல்லே உருண்டு, கழன்று, ரத்தத்தோடு போய்விடுகிறது! பிறகு கல்லீரலில் குடியேறிப் பெருகி, அப்புறம்தான் மஜ்ஜைக்கு.

பலகையில் வரைந்தால் கொட்டாவி விடுகிறார்கள். அதனால் கோழிக்கருவையே காட்டிவிட நினைக்கிறேன். சுமார் 38 டிகிரியில் அடை வைத்தால் மூன்றாம் நாளே ரத்தக்குழாய் வலையும் துடிக்கும் இதயமும் தெரியும். கடை முட்டை உதவாது, அதில் கரு இருக்காது.

நெல்லிக்குப்பம், பாகூர் பக்கம் சேவலோடு நாட்டுக்கோழி வளர்ப்பவர்கள் பத்துப் பன்னிரண்டு முட்டை தருவீர்களா? பணம் கொடுத்துவிடுகிறேன். புதுச்சேரி கல்லூரிகளில் விலங்கியல் எடுப்பவர்கள், கோழிக்கரு ஸ்லைடுகளை ஒரு சனிக்கிழமை பார்க்கவிட்டால் பெரிய உதவி. ஆறு பிள்ளைகள்தான், அடக்கமாக இருப்பார்கள் (ஐந்து பேருக்கு நான் உத்தரவாதம்).

அட்டைப்பெட்டியில் பல்பு மாட்டி அடை வைத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? கரண்ட் போனால் என்ன செய்தீர்கள்?