அம்மாவுக்கு வீட்டில் நற்கருணை: அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க

மரியே வாழ்க! பக்கவாதத்தில் படுத்திருக்கும் அம்மாவுக்கு மிக்ஸியில் அடித்த கஞ்சி மட்டும்தான் தொண்டையில் இறங்குது. மாதத்தின் முதல் வெள்ளியன்று பங்குச் சாமியார் நற்கருணை (பூசையில் இயேசுவின் உடலாக அர்ப்பணித்த அப்பம்) கொண்டு வருவார். அப்பத்தைச் சின்னத் துணுக்காக்கி, ஒரு ஸ்பூன் தண்ணீரோடு கொடுத்தால் புரையேறாமல் இருக்குமா? அப்பம் விழுங்க முடியாதவங்களுக்குத் திரு இரத்தம் (பூசையில் அர்ப்பணித்த திராட்சை இரசம்) மட்டும் கொடுக்கவும் திருச்சபையில் இடமுண்டு. வீட்டில் அப்படி வாங்கினவங்க யாராவது இருக்கீங்களா? சாமியாரிடம் எப்போ சொல்லி வைக்கணும்?

அன்றைக்கே நோயில்பூசுதலும் (நோயாளிக்குச் சாமியார் எண்ணெய் பூசிச் செபிக்கும் அருட்சாதனம்) கேட்க ஆசை. "எண்ணெய் பூசினா ஆள் போயிடும்"னு பெரியம்மா தடுக்கிறாங்க (அந்தக் காலத்துப் பயம்!). சாகக் கிடந்தால்தான் என்றில்லை, நோய் கூடினால் மறுபடியும் வாங்கலாம்னு சொன்னாலும் கேட்கிறதில்லை. மனசு நோகாமல் எப்படிப் பேசுறது?

மேசைக்கு வெள்ளைத் துணி, பாடுபட்ட சுரூபம் (சிலுவையில் அறைந்த இயேசுவின் உருவம்), மெழுகுதிரி எல்லாம் இருக்கு. வேறென்ன எடுத்து வைக்கணும்?