எஸ்றா கேட்கவில்லை, நெகேமியா மறுக்கவில்லை: சபை ஆட்சியாளரை நம்பலாமா?

அகாவா:
தேர்தல் வந்தாலே சபைகளில் ஜெபக்குறிப்பு மாறிவிடுகிறது. இவர் வந்தால் பிழைப்போம், அவர் வந்தால் போச்சு என்கிற பேச்சுதான். சங்கீதம் 146:3 நேராகவே சொல்கிறது: "பிரபுக்களையும், இரட்சிக்கத்திராணியில்லாத மனுபுத்திரனையும் நம்பாதேயுங்கள்." எஸ்றா 8-ஐப் பாருங்கள். பாபிலோனிலிருந்து எருசலேமுக்குப் போகும் ஆசாரியர் எஸ்றாவின் கையில் ஆலயத்துக்கான 650 தாலந்து வெள்ளி, 100 தாலந்து பொன் (தாலந்து ஒரு பெரிய எடை அளவு). நாலு மாதப் பயணம், வழியில் சத்துருக்கள். அப்படியும் ராஜாவிடம் குதிரைவீரரைக் கேட்க அவருக்கு வெட்கம். உபவாசம்பண்ணிப் புறப்பட்டார், பத்திரமாய்ச் சேர்ந்தார். இதற்கு மேல் என்ன வேண்டும்?

வாசல்காவல்:
நெகேமியாவை வசதியாக விட்டுவிட்டீர்களே சகோதரரே! ராஜா அதே பெர்சிய அர்தசஷ்டாதான். எஸ்றா போனது அவனுடைய 7-ஆம் வருஷம், எருசலேமின் அலங்கத்தைக் கட்ட நெகேமியா போனது 20-ஆம் வருஷம். நெகேமியா 2-ஆம் அதிகாரத்தில் அதிபதிகளுக்குக் கடிதம் கேட்கிறார், வனக்காவலன் ஆசாப்பிடம் மரம் கேட்கிறார், படையும் கூடவே வருகிறது. அவர் அவிசுவாசியா? கிஸ்லேவு மாதம் அலங்கம் இடிந்துகிடக்கும் செய்தி கேட்டவர், ஏறக்குறைய நாலு மாதம் கழித்து நிசானில்தான் ராஜாவிடம் வாய் திறக்கிறார். இடையில் இருந்ததெல்லாம் உபவாசமும் ஜெபமும். பவுலும் வாரால் அடிக்கக் கட்டியபோது ரோமக் குடியுரிமையைச் சொன்னார், பிறகு இராயனுக்கு அபயமிட்டார், அதாவது ரோமப் பேரரசனிடம் மேல்முறையீடு செய்தார். சட்டம் தரும் வழியை எடுப்பது நம்பிக்கைத் துரோகம் ஆகாது.

பெரோயன்:
எஸ்றாவை ஒரு அதிகாரம் முன்னாலிருந்து படித்தால் இந்தச் சண்டையே வேறு மாதிரி ஆகிவிடும். 7:22-இல் ராஜா கொடுக்கச் சொன்னது: 100 தாலந்து வெள்ளி வரை, 100 கலம் கோதுமை, திராட்சரசம், எண்ணெய். இதையெல்லாம் எஸ்றா மறுக்கவில்லை, ஸ்தோத்திரம் சொன்னார். படையை மட்டும் ஏன் கேட்கவில்லை? தேவனைத் தேடுகிறவர்கள்மேல் அவர் கரம் இருக்கும் என்று ராஜாவிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு காவல் கேட்டால் சாட்சியே பொய்யாகிவிடும். வாங்குவது தப்பில்லை, எதைக் கொடுத்து வாங்குகிறோம் என்பதுதான் கேள்வி. யூதாவின் ராஜா எசேக்கியா அசீரியாவுக்கு 300 தாலந்து வெள்ளியும் 30 தாலந்து பொன்னும் கட்ட, ஆலயக் கதவுகளில் இருந்த பொன்தகடுகளையே கழற்றினான் (2 இராஜாக்கள் 18). அசீரிய ராஜா சனகெரிப் அதன் பிறகும் எருசலேமுக்குப் படை அனுப்பினான். இன்றைக்குப் பல சபைகள் கழற்றிக் கொடுப்பது வாயை. இஸ்ரவேலின் ராஜா ஆகாபின் 400 தீர்க்கதரிசிகளில் ஒருவனும் அவனைக் கண்டிக்கவில்லை. தீர்க்கதரிசி மிகாயா ஒருவன்தான் பேசினான்.

வாசல்காவல்:
ஒதுங்கி இருந்தாலும் வாய் போகும். ஜெர்மனியில் 1933 ஜூலை சபைத் தேர்தலில் ஹிட்லர் ஆதரித்த 'ஜெர்மன் கிறிஸ்தவர்கள்' அணி ஜெயித்தது. நமக்கெதற்கு அரசியல் என்று இருந்தவர்கள் யாரைத் தடுத்தார்கள்?

அகாவா:
அந்த உதாரணம் என் பக்கம்தான் பேசுகிறது. அந்த அணியை எதிர்த்து 1934 மே மாதம் ஜெர்மனியின் பார்மனில் கூடிய சபையார் வேறொரு கட்சியைக் கைகாட்டவில்லை. இயேசு கிறிஸ்துவே நாம் கேட்டுக் கீழ்ப்படிய வேண்டிய தேவனுடைய ஒரே வார்த்தை என்று அறிக்கை செய்தார்கள். அதுவே ஆட்சிக்குப் போதுமான எதிர்ப்பாக இருந்தது.

பெரோயன்:
சரி, ஆராதனையில் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். 1 தீமோத்தேயு 2:1-2 ராஜாக்களுக்காக ஜெபிக்கச் சொல்கிறது, அவர்கள் ஜெயிக்க அல்ல. ஆளுகிறவர், எதிர்த்தரப்பு, நீதிபதிகள் எல்லாருக்கும் பதவியைச் சொல்லி ஜெபியுங்கள். பிரசங்க பீடத்தில் எந்த வேட்பாளருக்கும் மைக் வேண்டாம். போதகர் ஒருவரை ஆதரித்துவிட்டால், மற்றவருக்கு வாக்களித்த விசுவாசி திருவிருந்துக்கு வரவே கூசுவான். ஆதரித்தவர் நாளைக்கு லஞ்சத்தில் மாட்டினால் தாவீது ராஜாவைக் கண்டித்த நாத்தான் தீர்க்கதரிசி மாதிரி போய் நிற்க வாயும் இருக்காது. கட்டட நிதியை வேட்பாளரிடம் வாங்கவே கூடாது. வாங்கிய பிறகு நியாயம் பேசுவேன் என்பவர் பேசியதில்லை. அரசுக்கு மனு அனுப்பலாம், முதலில் அதைச் சபையார் முன் வாசியுங்கள். நமக்கு மட்டும் சலுகை கேட்கிறதா, அடுத்த வீட்டாருக்கும் நியாயம் கேட்கிறதா என்று அப்போதே தெரிந்துவிடும்.

அகாவா:
மனுவில் எனக்கு இன்னும் உடன்பாடில்லை. பதில் வராவிட்டால் சபை துவண்டுபோகுமே. அப்போது நம்பிக்கை எங்கே இருந்தது என்று தெரியாதா?

வாசல்காவல்:
தெரியட்டும், நல்லதுதான். துவண்டால் மனந்திரும்பி மறுபடி அனுப்புவோம். அரசு உதவி வந்தாலும் எஸ்றா 8-ஐயே கைக்கொள்ளுங்கள்: புறப்படுமுன் வெள்ளியையும் பொன்னையும் 12 ஆசாரியரிடம் நிறுத்துக் கொடுத்தார், எருசலேமில் நாலாம் நாள் மறுபடி நிறுத்து எடையை எழுதிவைத்தார்கள். நம் சபைகளில் அந்த இரண்டாவது நிறுவைதான் நடப்பதில்லை.