மியாகே ப்ளீட்ஸ் டாப் பழசா வாங்கலாமா? மடிப்பு நிக்குமா?

கரும்பச்சை:
பத்தொன்பது வயசுல சித்தி கூட துணி எடுக்கப் போனேன், காலேஜுக்கு ரெண்டு செட் எடுக்கணும்னுதான் கிளம்பினோம், ஆனா சித்தி "சும்மா போட்டுப் பாருடி, போட்டுப் பார்க்க யாரும் காசு கேக்க மாட்டாங்க"ன்னு ஒரு பெரிய கடைக்குள்ள இழுத்துட்டுப் போயிட்டாங்க. அங்க கரும்பச்சையில ஒரு டாப், ஹேங்கர்ல ஒல்லியா தொங்கிட்டு இருந்தது, எனக்கு நுழையவே நுழையாதுன்னு நினைச்சேன். தலைவழியா போட்டதும் மடிப்பெல்லாம் விரிஞ்சு அப்படியே உடம்போட உக்காந்துச்சு, கையைத் தூக்கினா கூடவே விரியுது, இறக்கினா திரும்ப மடிஞ்சுக்குது, பட்டன் இல்ல ஜிப் இல்ல. அதுவரைக்கும் ட்ரையல் ரூம்னாலே வயித்தை உள்ள இழுத்துப் பிடிச்சுட்டு நிக்கிற இடம் எனக்கு. அன்னிக்குத்தான் நல்லா மூச்சு விட்டு நின்னேன். லேபிள்ல இஸ்ஸே மியாகேன்னு இருந்தது, ஜப்பான் டிசைனர். வாங்கற நிலைமை இல்ல, மாட்டி வச்சுட்டு வந்துட்டோம். அதுலேர்ந்து அவரைப் பத்தி எது கிடைச்சாலும் விட மாட்டேன், 2022 ஆகஸ்ட்ல அவர் இறந்தப்போ சித்திக்குத்தான் முதல்ல போன் பண்ணேன்.

இப்ப ஒருத்தங்க அவரோட மடிப்புத் துணி பிராண்டான ப்ளீட்ஸ் ப்ளீஸ்ல பழைய டாப் ஒண்ணு விக்கறாங்க, அதே கலர். துவைச்சுத் துவைச்சு மடிப்பு போயிருக்குமா? எதைப் பார்த்து வாங்கணும்?

தையல்மெஷின்:
துவைச்சா போகாதுங்க. பொதுவா துணியை மடிப்பு எடுத்துட்டு அப்புறம்தான் வெட்டித் தைப்போம், அவர் அதைத் தலைகீழா பண்ணார், டிரெஸ்ஸை ரெண்டரை மூணு மடங்கு பெருசா வெட்டி முழுசா தைச்சு முடிச்சுட்டு, ரெண்டு பேப்பருக்கு நடுவுல வச்சு ஹீட் ப்ரெஸ்ல விட்டா மடிஞ்சு சின்னதாகி வெளிய வரும். பாலியஸ்டர் சூட்டுல மடிஞ்சு ஆறினா அந்த வடிவத்தை விடாது. கெடுக்கிறது அயர்ன் பாக்ஸ்தான். யாராவது தெரியாம தேய்ச்சிருந்தா அந்த இடம் தட்டையா இருக்கும், வீட்டுல அதைத் திரும்பக் கொண்டு வர முடியாது. முழங்கை, தோள் ரெண்டையும் கிட்டத்துல போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. இருபது வருஷமா தைக்கிறேன், அந்த ஒரு யோசனைக்காகவே அந்த மனுஷனைக் கும்பிடலாம்.

சலங்கை:
நான் டான்ஸ் ஆடறவ, அதனால அவர் மேல தனிப் பாசம். 1991ல ஜெர்மனியில இருந்த ஃபிராங்க்ஃபர்ட் பாலே நடனக் குழுவுக்கு இந்த மடிப்புத் துணியில டிரெஸ் பண்ணிக் கொடுத்தார், ஆடறவங்க உடம்பு எப்படித் திரும்பினாலும் துணி பிடிச்சு இழுக்காது. ப்ளீட்ஸ் ப்ளீஸ் வந்ததே 1993லதான். ஹிரோஷிமால அணுகுண்டு விழுந்தப்போ அவர் அங்கதான் இருந்தார், ஏழு வயசு, அதைப் பத்தி ரொம்ப வருஷம் பேசவே இல்ல, 2009லதான் வெளிப்படையா எழுதினார். அப்பேர்ப்பட்டவர் கையிலேர்ந்து இவ்வளவு லேசான துணி வந்ததை நினைச்சா எனக்கு இப்பவும் தொண்டை அடைக்குது. வாங்கிடுங்க. ஹேங்கர்ல மாட்டாதீங்க, சுருட்டி வைங்க.

கரும்பச்சை:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. போட்டோ வந்துருச்சு, தோள் நல்லா இருக்கு, இடது முழங்கைகிட்ட மட்டும் மடிப்பு கொஞ்சம் தளர்ந்திருக்கு, யாரோ நிறைய நாள் ஆசையா போட்டிருக்காங்க போல. சொல்லிட்டேன், வாங்கறேன்னு. வந்ததும் முதல்ல சித்தியைப் போட்டுப் பார்க்கச் சொல்லணும், அன்னிக்கு அவங்க போட்டே பார்க்கல.