ஊராட்சி அளவில் சக வழிகாட்டிகள் குழு: யாரை எடுப்பது, எப்படிப் பழக்குவது?

கரிசல்காடு:
வணக்கம். 13 முதல் 19 வயதுப் பிள்ளைகளில் சிலரையே மற்றவர்களுக்குச் சக வழிகாட்டிகளாகப் பழக்கலாம் என்று எங்கள் இளைஞர் மன்றத்தில் முடிவெடுத்திருக்கிறோம். ஊர்த்தெரு ஐந்து, காலனி ஒன்று, பிள்ளைகள் 150 பேர் வருவார்கள். பள்ளியை விட்டுவிட்டு மில்லுக்குப் போகிறவர்களும் இதில் உண்டு. பள்ளியில் கேட்டால் நன்றாகப் படிக்கிறவர்கள் பெயரைத்தான் தருகிறார்கள். எப்படித் தேர்ந்தெடுப்பது? வீட்டில் அடி, கல்யாணப் பேச்சு என்று ஒரு பிள்ளை வந்து சொன்னால், கேட்கிற 16 வயதுப் பிள்ளை என்ன செய்ய வேண்டும்?

தாமிரபரணி:
ஆசிரியர் தரும் பட்டியலோடு நிறுத்தாதீர்கள். முதல் மதிப்பெண் வாங்குகிறவரிடம் மற்ற பிள்ளைகள் மனசைத் திறப்பதில்லை. ஆளுக்கொரு சீட்டுக் கொடுத்து, "மனக்கஷ்டம் வந்தால் நம் வயதில் யாரிடம் சொல்வாய்? இரண்டு பெயர் எழுது" என்று கேளுங்கள். மில்லுக்குப் போகிறவர்களிடம் ஷிஃப்ட் முடிந்தபின் வீட்டுக்குப் போய்ச் சீட்டு வாங்குங்கள். திரும்பத் திரும்ப வரும் பெயர்கள்தான் உங்கள் ஆட்கள். பிறகு ஆண், பெண் சமமா, எல்லாத் தெருவும் வந்ததா, வேலைக்குப் போகிறவர் இருக்கிறாரா என்று பாருங்கள்.

15 முதல் 20 பேருக்கு ஒருவர் என்பது 2014இல் தொடங்கிய தேசிய வளரிளம் பருவத்தினர் நலத் திட்டத்தின் கணக்கு. 150 பேருக்கு எட்டுப் பேர் போதும், ஆனால் பன்னிரண்டு பேரைப் பழக்குங்கள், இடையில் நிற்கிறவர்கள் உண்டு.

பயிற்சியை இரண்டு நாளில் அடைக்காதீர்கள், எதுவும் தங்காது. ஐந்து சனிக்கிழமை, மும்மூன்று மணி நேரம் வையுங்கள். அதில் பாதியைக் காது கொடுத்துக் கேட்கப் பழகவே செலவிட வேண்டும். மூன்று பேராக உட்கார்ந்து ஒருவர் பேச, ஒருவர் கேட்க, ஒருவர் கவனிக்க வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாறட்டும். "நானாயிருந்தா இப்படிச் செய்வேன்" என்று கேட்கிறவர் ஆரம்பித்தால் கவனிக்கிறவர் கை தூக்க வேண்டும். அறிவுரை சொல்லும் பழக்கம் சீக்கிரம் போகாது, எதிரே இருக்கும் பிள்ளை வாயை மூடிக்கொள்வதும் அதனால்தான்.

ஜூனில் தொடங்குங்கள். ஜனவரிக்குப் பிறகு பொதுத்தேர்வுப் பிள்ளைகளை எதிர்பார்க்காதீர்கள். பெண் பிள்ளைகள் கூட்டம் மாலை ஐந்தரைக்குள் முடியட்டும், இருட்டிவிட்டால் அடுத்த வாரம் வீட்டில் அனுப்ப மாட்டார்கள்.

நீலமாத்திரை:
இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று எந்தச் சக வழிகாட்டியும் சத்தியம் செய்யக் கூடாது. கூட்டம் தொடங்கும்போதே இதைச் சொல்லிவிட வேண்டும்: "நீ சொல்வது என்னோடு இருக்கும். உயிருக்கு ஆபத்து, உடம்பின் மேல் யாராவது கை வைத்தது, 18க்கு முன் கல்யாணம், இந்த மூன்று மட்டும் நம்பிக்கையான ஒரு பெரியவருக்குப் போகும்." அந்தப் பெரியவர் யார் என்பது முன்பே முடிவாகியிருக்க வேண்டும். கிராம சுகாதார செவிலியர் ஒருவர், மன்றத்தில் 25 வயதுக்கு மேற்பட்ட பெண் ஒருவர் என இரண்டு பேர் இருந்தால் நல்லது.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, பாலியல் குற்றம் தெரிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காத குழந்தைக்குத் தண்டனை கிடையாது. 18 நிரம்பிய உங்களுக்கு உண்டு. ஆகவே செய்தி உங்களிடம் வந்த அன்றே நடவடிக்கை எடுங்கள். குடும்பத்தைக் கூப்பிட்டுப் பஞ்சாயத்துப் பேசாதீர்கள், பிள்ளையை வாய் மூட வைப்பதில்தான் அது முடியும். கல்யாண ஏற்பாடு என்றால் குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழையுங்கள். சாக வேண்டும் போலிருக்கிறது என்று சொன்னால் அந்தப் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். ஒரு பெரியவர் கூடவே போய் வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் அப்புறப்படுத்தட்டும், மனநல உதவி எண் 14416க்கு அழைக்கட்டும்.

நோட்டில் பெயர் எழுத வேண்டாம். "இந்த மாதம் கேட்டது 6, பெரியவருக்குப் போனது 1" என்ற எண்ணிக்கை போதும். நோட்டு யார் கைக்கு வேண்டுமானாலும் போகும்.

ஓடைமரம்:
ஒன்று விட்டுப்போயிற்று. கூட்டம் எங்கே நடக்கிறது? கோயில் மண்டபம் என்றால் காலனிப் பிள்ளைகள் முதல் வாரமே நின்றுவிடுவார்கள். நூலகமோ பள்ளியோ பாருங்கள், அல்லது காலனியிலேயே நடத்துங்கள். பயிற்சிக்கு மூவராகச் சேர்க்கும்போது ஊர்த்தெருவையும் காலனியையும் கலந்து சேருங்கள், தண்ணீர்க் குடமும் டம்ளரும் ஒன்றாகவே இருக்கட்டும். கையில் சாதிக் கயிறு வேண்டாம் என்பதை முதல் நாளே விதியாக வையுங்கள். நாங்குநேரியில் பட்டியலின மாணவனைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய கொடுமைக்குப் பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024இல் கொடுத்த அறிக்கையும் பள்ளிகளில் இதைத்தான் பரிந்துரைத்தது.

பேச்சோடு நின்றாலும் குழு கரைந்துபோகும். மூன்றாம் மாதத்தில் ஊர் வரைபடம் ஒன்று போடச் சொல்லுங்கள்: விளக்கெரியாத இடம், பயந்து நடக்கும் பாதை, தண்ணீர் வராத பள்ளிக் கழிப்பறை. அதில் ஒன்றை மட்டும் எடுத்து அக்டோபர் 2 கிராம சபையில் மனுவாகக் கொடுங்கள். 18 நிரம்பாதவருக்கு அங்கே வாக்கில்லை என்பதால் வாக்காளர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். தீர்மானப் புத்தகத்தில் ஏறியதைப் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும்.

கரிசல்காடு:
மிக்க நன்றி. சீட்டில் சண்டைக்காரப் பையன் ஒருவன் பெயர் நிறைய வந்தால் எடுக்கலாமா?

தாமிரபரணி:
எடுங்கள். பயந்து எழுதினார்களா, நம்பி எழுதினார்களா என்பதை மட்டும் பாருங்கள். அவனைவிடச் சின்னவர்களும் பெண் பிள்ளைகளும் அவன் பெயரை எழுதியிருந்தால் நம்பித்தான் எழுதியிருக்கிறார்கள்.