அடுப்பில் மக்காச்சோளம்

கயல்: பெரியப்பா, அமெரிக்க விவசாயிகள் அரசியலில் இறங்கியதைப் பற்றி நாளைக்கு எனக்கு செமினார். அங்கே கான்சாஸ் மாநில விவசாயிகள் மக்காச்சோளத்தை அடுப்பில் போட்டு எரித்தார்கள் என்று படித்தேன். நிஜமா?

பெரியப்பா: நிஜம்தான் கண்ணு. 1889 வாக்கில் விலை அந்த அளவுக்கு விழுந்துவிட்டது. நிலக்கரி வாங்குவதை விட அதை எரிப்பதே மலிவு. விற்கலாம் என்றால் பாதிப் பணம் ரயில் கூலிக்கே போய்விடும்.

அம்மா: சாப்பிடுகிற பொருளைப் போயா மாமா!

செந்தில் சித்தப்பா: விளைச்சல் கூடியது, விலை இறங்கியது. இதில் அரசியல் எங்கே வந்தது அண்ணா?

பெரியப்பா: கடனில் வந்தது தம்பி. 1870களின் தொடக்கத்தில் ஒரு புஷல் (அங்கே தானியம் அளக்கும் அளவு) கோதுமை ஏறக்குறைய 1 டாலர். 1894இல் சுமார் 50 சென்ட். அன்று 1000 டாலர் கடன் வாங்கியவர் ஆயிரம் புஷல் விற்றால் அடைத்திருக்கலாம். பிறகு அதே கடனுக்கு இரண்டாயிரம் புஷல். வட்டி தனி!

கயல்: பணத்தைத் தங்கத்தோடு கட்டிப்போட்டதாலா?

பெரியப்பா: அதுதான் அவர்கள் வாதம். 1873 சட்டத்தில் வழக்கமான வெள்ளி டாலர் நின்றுபோனது. ஊரும் விளைச்சலும் பெருகின, பணம் அந்த வேகத்தில் பெருகவில்லை. அதனால்தான் விலை விழுந்தது என்றார்கள்.

செந்தில் சித்தப்பா: தெற்கே பருத்திக்காரர்கள்?

பெரியப்பா: இன்னும் மோசம். விதை, மாவு, துணி எல்லாம் கடைக்காரரிடம் கடன், விளையப்போகும் பருத்திதான் அடமானம். ரொக்க விலை ஒன்று, கடன் விலை ஒன்று. அறுவடை முடிந்தும் பாக்கி நிற்கும்.

கயல்: கறுப்பின விவசாயிகளுக்குத் தனிச் சங்கம் இருந்ததாமே?

பெரியப்பா: ஆமாம், 1886இல் டெக்சாஸில் தொடங்கினார்கள். தெற்கத்தி வெள்ளையர் சங்கம் அவர்களைச் சேர்க்கவில்லை. 1891இல் பருத்தி எடுக்கும் கூலியை உயர்த்தக் கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது ஆர்கன்சாவில் ஆட்களையே கொன்றார்கள். இதைக் கட்டாயம் சொல்லு.

கயல்: சரி. அப்புறம் 1892, ஒமாகா மாநாடு?

பெரியப்பா: அது விவசாயிகளின் மக்கள் கட்சி மாநாடு. ரயில்வே அரசுக்கு, வருமானத்துக்கு ஏற்ற வரி, செனட்டர்களை, அதாவது மேலவை உறுப்பினர்களை, மக்களே தேர்ந்தெடுப்பது எல்லாம் கேட்டார்கள். அவர்களுடைய ஜனாதிபதி வேட்பாளர் வீவருக்கு 10 லட்சம் ஓட்டுக்கு மேல் விழுந்தது. 1896இல் ஜனநாயகக் கட்சியின் பிரையனையே தங்கள் வேட்பாளராகவும் ஏற்றார்கள். அவர் தோற்றார், கட்சியும் கரைந்தது. வருமான வரியும் செனட்டர் தேர்தலும் 1913இல்தான் அரசியல் சட்டத்தில் ஏறின.

கயல்: எனக்குப் பத்து நிமிடம்தான் பெரியப்பா. எதை விடுவது?

பெரியப்பா: பிரையனைச் சுருக்கு. எல்லோரும் அவருடைய புகழ்பெற்ற மேடைப் பேச்சில்தான் தொடங்குவார்கள். நீ அடுப்பில் தொடங்கு.

செந்தில் சித்தப்பா: அந்தப் புஷல் கணக்கையும் விட்டுவிடாதே, எனக்கே இப்போதுதான் புரிந்தது.