புதுப்பிப்பு: காய்ந்ததும் கறுத்துப்போன ரப்பர் மரங்கள்

போன மாதம் கேட்டிருந்தேன்: பாட்டி ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பால் வெட்டும் காட்சியை அக்ரிலிக் வண்ணத்தில் வரைகிறேன், ஈரத்தில் சரியாகத் தெரியும் நிறம் காய்ந்ததும் கறுத்துவிடுகிறதே, ஏன் என்று. பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

நிறமியைப் பிடித்து வைக்கும் பசைதான் காரணம். ஈரத்தில் அது பால்போல வெளுத்திருக்கும். தண்ணீர் ஆவியானதும் தெளிந்துவிடும், நிறம் அடர்த்தியாகத் தெரியும். பாட்டியிடம் சொன்னேன். "மங்குல ஒட்டுன பால் காய்ஞ்சா வெள்ளையாவாடா இருக்கு?" என்றார். மங்கு என்றால் மரத்திலிருந்து வடியும் பாலைப் பிடிக்கும் கிண்ணம். பாட்டி மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத் தோட்டத்தில் 30 வருஷம் பால் வெட்டியவர். எனக்குச் சட்டென்று பிடிபட்டது.

இப்போது ஒவ்வொரு கலவையையும் அட்டைத் துண்டில் தடவி, விசிறிக்கு முன் காயவைத்துப் பார்க்கிறேன். வேண்டியதைவிடக் கொஞ்சம் வெளிறலாகவே கலக்குகிறேன். பட்டையில் சாய்வாக இறங்கும் வெட்டுக்கோட்டை மட்டும் நான்கு முறை வரைந்தேன். கீழ்ப்பூச்சு நன்றாகக் காய்ந்தபின், நீர்க்கக் கரைத்த பழுப்பை மேலே ஓடவிட்டேன். காய்ந்த அக்ரிலிக் தண்ணீரில் கரையாது, அதனால் அடிநிறம் கலங்கவில்லை. கோடு உண்மையிலேயே மரத்துக்குள் இறங்கியது.

பாட்டியின் கைகள் வந்துவிட்டன. முகம் இன்னும் வரவில்லை. இந்த வாரம் விடியற்காலையில் அவரை வாசலில் உட்காரவைத்து வரையப்போகிறேன்.