நல்லூர் சீசனில் மேளச்சமா (நாதஸ்வர, தவில் கச்சேரி) எங்கே? தெரிந்தவர்கள் சொல்லுங்கோ

வணக்கம். கனடாவிலிருந்து சித்தியின் மகன் யாழ்ப்பாணம் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் கொடியேற்றத்தோடு வருகிறான். அந்த 25 நாளும் கோயிலடி கலகலப்பாகத்தான் இருக்கும், சரி. ஆனால் ஆள் ஒரு தவில் பைத்தியம். இணுவில், அளவெட்டிப் பக்கத்துக் கோயில்களில் சாமம் தாண்டியும் நடக்கும் மேளச்சமா அந்தக் கிழமைகளில் எங்கேயும் இருக்கிறதா? நோட்டீஸ் இருந்தால் படம் எடுத்துப் போடுங்கோ. விடிய விடியக் கூத்து என்றால் இன்னும் நல்லது, பாயோடு வருவோம். வீரசிங்கம் மண்டபத்திலோ, பொது நூலகத்துக்குப் பக்கத்து 11 மாடிக் கலாசார மையத்திலோ நாடகம், கச்சேரி இருந்தாலும் சொல்லுங்கோ. ஹோட்டல் டிஜே வேண்டாம், அது அவனுக்கு டொராண்டோவிலேயே கிடைக்கும். அப்புறம், அந்த நேரத்தில் பஸ் இராது. இரவில் ஓடும் நம்பிக்கையான ஓட்டோக்காரர் யாரையும் தெரிந்தால் இன்பொக்ஸில் போடுங்கோ.